நல்ல பெயரும் முன்முடிவுதான்

முன்முடிவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெறுப்பு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, ‘பொம்பளைக்கு என்ன தெரியும்’ என்று வாயை அடைப்பது, வேற்று மொழிக்காரரைக் கண்டால் முகம் சுளிப்பது. இவற்றை அடையாளம் காண்பது கடினமல்ல. கேட்டவுடனே சுடும். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளைச் சுற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு வேறு மாதிரி. “இந்த வேலைக்குப் பொண்ணுங்கதான் சரி. பொறுமை ஜாஸ்தி. கை நுணுக்கம். பிரச்சினை பண்ண மாட்டாங்க.” இதில் வசை இல்லை. சொல்பவர் பெண்களை வேலைக்கு எடுக்க விரும்புகிறவர். கேட்கும் பெண்ணுக்கும் அது பெருமையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இதையும் முன்முடிவு என்று சொல்ல முடியுமா? ஒருவரைப் பற்றி நல்லவிதமாக நினைப்பதில் என்ன அநீதி இருந்துவிட முடியும்?

கேள்வி எளிமையானதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வட்டாரத்துப் பெண்களின் சம்பளமும் வயதும் கல்யாணமும் அதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நாட்றாம்பாளையம் அஞ்செட்டி வட்டத்தில், காவிரியை ஒட்டிய காட்டுப் பகுதியில் உள்ள ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி இது. மழையை நம்பிய ராகி, கொள்ளு, கொஞ்சம் ஆடு, மாடு, பருவத்தில் புளி. இங்கிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் போய்ச் சேரப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பெல்லாம் இந்த மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்குக் கிளம்பியவர்கள் பெங்களூரு கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போனார்கள். இன்று ப்ளஸ் டூ முடித்த பெண்ணுக்கு முன்னால் ஓசூர் தெரிகிறது. 1970களில் சிப்காட் வந்த நாளிலிருந்து லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்த ஊர், இப்போது ஐபோன் பாகங்களும் செய்கிறது. 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தன் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்றும், அங்கே பத்தாயிரம் பெண்கள் வேலை செய்வார்கள் என்றும் அறிவித்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது சின்ன விஷயமல்ல. கையில் சொந்தச் சம்பளம் இருக்கும் பெண்ணின் குரலுக்கு வீட்டில் எடை கூடும் என்பது நாம் எல்லோரும் கண்ட உண்மை. எனவே பெண்கள் ஆலைக்குப் போவதை இந்தக் கட்டுரை குறை சொல்லவில்லை. எந்தக் காரணம் சொல்லி அழைக்கப்படுகிறார்கள் என்பதைத்தான் கேட்கிறது.

முதலில் விரல்களை எடுத்துக்கொள்வோம். பெண் விரலுக்கு நுணுக்கம் எங்கிருந்து வந்தது? பிறக்கும்போதே வந்ததா? புளிக்காலத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலில் உட்கார்ந்து புளி தட்டி, நாரும் கொட்டையும் எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே எட்டு வயதுச் சிறுமி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அண்ணன் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பான். களை எடுப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, பூக் கட்டுவது, பேன் பார்ப்பது, தம்பிக்குச் சட்டைப் பொத்தான் தைப்பது என்று பத்து ஆண்டுகள் அவளுக்குப் பயிற்சி நடக்கிறது. பயிற்சி தருபவர் அம்மா, பயிற்சிக்கூடம் வாசல், சான்றிதழ் கிடையாது. பதினெட்டு வயதில் அவள் ஆலைக்குள் நுழையும்போது, அந்தப் பத்து ஆண்டு உழைப்பை ‘இயற்கை’ என்கிறார்கள்.

டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள் 1981இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். மலேசியா போன்ற நாடுகளின் மின்னணு, ஆடை ஆலைகளை ஆராய்ந்த அவர்கள், கிழக்கத்தியப் பெண்ணின் விரல் திறமையைப் புகழ்ந்து முதலீட்டாளரை அழைத்த அரசு விளம்பரத்தையும் கவனித்தார்கள். விரல் நுணுக்கம் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவதல்ல, வீட்டில் பழக்கப்படுவது என்றார்கள். அந்தப் பயிற்சி யார் கண்ணுக்கும் படாத இடத்தில் நடப்பதால், அதைக் கொண்டு செய்யும் வேலைக்குத் ‘திறன் தேவையில்லாத வேலை’ என்று பெயர் வைத்துக் குறைந்த கூலி கொடுக்க முடிகிறது என்றார்கள்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு டர்னர் படித்த பையனின் கைக்குத் ‘திறன்’ என்று பெயர். திறனுக்குக் கிரேடு உண்டு, உயர்வு உண்டு. பத்து ஆண்டு வாசலில் பழகிய பெண்ணின் கைக்கு ‘இயல்பு’ என்று பெயர். இயல்புக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. மழைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? இதுதான் பாராட்டு செய்கிற முதல் வேலை. ஒருத்தி கற்றுக்கொண்டதை, அவள் கற்றுக்கொண்டதே இல்லை என்று ஆக்கிவிடுகிறது.

அடுத்தது பொறுமை. பொறுமைசாலி என்ற பட்டம் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள அதிக நேரம் எடுப்பதில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சரியான பதில் கிடைக்காத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண்கள், கொழுந்து பறிக்கும் விரல்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் புகழப்பட்டவர்கள், போனஸும் கூலி உயர்வும் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களையும் நம்பாமல் ‘பெம்பிளை ஒருமை’ என்று தாங்களே திரண்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வியப்பு எழுந்தது: ‘இந்தப் பொண்ணுங்களா? யாரோ தூண்டிவிட்டிருப்பாங்க.’ பொறுமை பெண்ணின் குணம் என்று முடிவு கட்டிவிட்டவருக்கு, அவளுடைய கோபம் அவளுடையதாகவே தெரியாது. அவளுக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதையே அந்த நல்ல பெயர் மறைத்துவிடுகிறது.

‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் பரவலாக்கியவர் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1922இல் வெளிவந்த நூலில். சொல் அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துகளை ஒருமுறை கோத்து, அதற்கு அச்செடுத்து, உலோகத் தகடாக வார்த்துவிட்டால் பிறகு ஆயிரம் பிரதி அடிக்கலாம்; திரும்பக் கோக்க வேண்டியதில்லை. லிப்மன் இதை வெறும் கெட்ட புத்தி என்று ஒதுக்கவில்லை. உலகம் பெரியது, நேரம் குறைவு. வகைப்படுத்தாமல் யாரும் யோசிக்க முடியாது. ‘மேகம் கறுத்தால் மழை வரும்’ என்பதும் பொதுமைப்படுத்தல்தான். ஆனால் மழை பெய்யாவிட்டால் அந்த எண்ணத்தை நாம் திருத்திக்கொள்கிறோம். மேகம் நம் எண்ணத்தைக் கேட்டு நடந்துகொள்வதில்லை. மனிதர்களைப் பற்றிய பொதுமைப்படுத்தல் அப்படியல்ல. அது, தான் சொல்வதைத் தானே உண்மையாக்கிக்கொள்ளக்கூடியது. எதிர்ச்சான்று பிறக்கும் இடத்தையே அடைத்துவிடக்கூடியது. இதற்குக் கண்முன் உள்ள உதாரணம், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கேட்கப்படும் கேள்வி: “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. எந்த நிறுவனம் என்பதைவிட, அந்தச் செய்தியைப் படித்த நம் ஊர்ப் பெண்கள் பலர் அதிர்ச்சி அடையவில்லை என்பதே முக்கியம். ‘இது தெரிஞ்சதுதானே’ என்றார்கள். திருமணத்துக்கு முன்னால் சில ஆண்டு உழைத்து, கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்கெனவே நம் பொதுப்புத்தி. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகள் அந்த எண்ணத்துக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்றே பெயர் சூட்டிப் பெண்களை அழைத்துப்போயின.

இதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்வது: “எங்களுக்குப் பெண்கள்மேல் வெறுப்பு கிடையாது. கணக்குதான். கல்யாணமானவங்க அதிகமா லீவு எடுப்பாங்க.” இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கணக்கு உண்மையாகவே இருக்கலாம். கணக்கு சரியாக இருந்தால் முன்முடிவு நியாயமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1965இலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. மருந்து பொட்டலமிடும் பிரிவில் வேலை செய்த பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று ஒரு நிறுவனம் விதி வைத்திருந்தது. பம்பாய்த் தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. இது குழுவாகச் செய்யும் வேலை, கல்யாணமானவர்கள் அதிகம் வராமல் போவார்கள் என்றது நிறுவனம். நீதிமன்றம் கேட்டது நேரான கேள்வி: கல்யாணமாகாதவரையும் கணவரை இழந்தவரையும்விட இவர்கள் அதிகம் வராமல் போவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? குழந்தைதான் காரணம் என்றால், குழந்தையுள்ள கைம்பெண்ணுக்கும் அது பொருந்துமே? அவரை ஏன் வைத்திருக்கிறீர்கள்? விதி செல்லாது என்று தீர்ப்பானது. கணக்கு என்று சொல்லப்பட்டது கணக்கே அல்ல, பழக்கம் என்பது ஒரு கேள்வியில் வெளிப்பட்டது.

அதன்பின் பாதை நேராகப் போகவில்லை. 1979இல் அதே நீதிமன்றம், குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், வெளியுறவுப் பணியில் உள்ள பெண் திருமணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் 1981இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலையிலிருந்து நீக்கும் விதியை ரத்து செய்த அதே கையால், பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. 1988இல் திருமணம் செய்ததற்காக ராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில்தான். ‘பெண் என்பதற்காக அல்ல, கல்யாணம் ஆனதற்காகத்தான்’ என்ற வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. அதே இடத்தில் நிற்கும் ஆணிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதா என்று பார்த்தாலே போதும். ஆணுக்குக் கல்யாணம் ஆனால் ‘பொறுப்பு வந்துடுச்சு’ என்று நல்ல பெயர். பெண்ணுக்கு ஆனால் ‘இனி வரமாட்டா’.

சரி, கணக்கையே பார்ப்போம். 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 26 பேர். கல்யாணமான பெண் அதிகம் விடுப்பு எடுக்கிறாள் என்றால், அந்தக் கணக்கு அவளைப் பற்றிய செய்தி அல்ல. அவள் வீட்டு ஆணைப் பற்றிய செய்தி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் வேலைக்குப் போகாமல் நிற்பது என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவைப் பற்றிய செய்தி. அவர் செய்யாத வேலைக்கான தண்டனை இவளுக்குக் கிடைக்கிறது.

மகப்பேறுச் செலவு என்று சொல்லப்படுவதும் முழு உண்மையல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு 26 வார மகப்பேறு காலத் தொகையைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம், ஆலை அல்ல. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகம் இருக்கும் இடத்தில் தாய்மார்கள் எவ்வளவு நாள் வேலையில் நிலைக்கிறார்கள் என்று பார்த்திருந்தால் அது ஆதாரம். வாசலிலேயே நிறுத்திவிட்டால் பார்க்க வழியே இல்லை. உள்ளே விடாதவரையில், ‘உள்ளே வந்தால் நிலைக்க மாட்டாள்’ என்பதைப் பொய்யென்று யாராலும் காட்ட முடியாது. கணக்கு என்ற பெயரில் நடப்பது, கணக்கெடுக்க மறுப்பது.

இந்த வாசல் யாரைக் கடுமையாகத் தாக்குகிறது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. அஞ்செட்டி மலைக் கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்றும் செய்தியாகிறது. பள்ளி தூரம், வறுமை, ‘காலம் கெட்டுக்கிடக்கு’ என்ற பயம். பதினைந்து வயதில் கழுத்தில் தாலி. அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இருபது வயதில், கையில் ஒரு குழந்தையோடு, தன் காலில் நிற்க நினைத்து அவள் மலையிறங்கி வந்தால், ஆலை வாசலில் அதே தாலி அவளைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். முதலில் அவள் பெண் என்பதால் கல்யாணம். பிறகு கல்யாணம் ஆனதால் வேலையில்லை. இரண்டு முடிவையும் எடுத்தவர்கள் அவளைப் பார்த்து எடுக்கவில்லை. அவளுக்காக முன்பே வார்த்து வைத்திருந்த தகட்டைப் பார்த்து எடுத்தார்கள்.

‘பாதுகாப்பு’ என்ற நல்ல சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யத் தடை விதித்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று நீக்கியது. பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் வகுத்தது. பெண் பலவீனமானவள் என்பது பழைய விதியின் அடிப்படை. ஆனால் யானை நடமாடும் மலைச் சாலையில் நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வருபவளுக்கு வேண்டியது தடையல்ல. வீட்டு வாசல் வரை வரும் வண்டி. சாலையை மாற்றுவதற்குப் பதில் பெண்ணை மாற்று என்பதுதான் எல்லாக் கனிவான முன்முடிவுகளும் சொல்வது.

இந்த இடத்தில் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் ஓசூரில் ஐபோன் ஆலை வேலைக்குப் பயிற்சி பெறுகிறார்கள் என்று 2022இல் ஒன்றிய அமைச்சரே அறிவித்தார். அவர்களைப் பற்றி நம் தெருக்களில் இரண்டு பேச்சு. ஒன்று வசை: ‘வடக்கத்திக்காரிங்க வந்து நம்ம வேலையைப் பிடுங்கறாங்க.’ இன்னொன்று புகழ்: ‘அதுங்க லீவே கேக்காதுங்க, குடுத்ததை வாங்கிக்கும்.’ இரண்டாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். நேற்று நம்மைப் பற்றிச் சொன்ன அதே பாராட்டு, இன்று அடுத்தவளுக்குக் கைமாறியிருக்கிறது. ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில் பயணம் என்பதால் லீவு கேட்காமல் இருப்பவளை ‘உழைப்பாளி’ என்கிறோம். பக்கத்து மலையிலிருந்து வந்து, அறுவடைக்கு இரண்டு நாள் கேட்பவளை ‘மலைக்காரங்க நிலைக்க மாட்டாங்க’ என்கிறோம். ஒருத்திக்குச் சூட்டும் புகழ் இன்னொருத்தியை அடிக்கும் பிரம்பு. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பதைப் பார்த்தோம். ஒரு வதந்தி அவ்வளவு சீக்கிரம் நம்பப்பட்டதற்குக் காரணம், இரு பக்கமும் மற்றவரைப் பற்றிய தகடு தயாராக இருந்ததுதான்.

ஆகவே நம்மைப் பற்றியோ மற்றவரைப் பற்றியோ ஒரு கூட்டத்தையே சேர்த்துப் பாராட்டும் பேச்சைக் கேட்டால் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் குணம் எங்கே, எவ்வளவு உழைப்பில் பழகப்பட்டது? இந்தப் பாராட்டை வைத்து யார் எதை மிச்சப்படுத்துகிறார்கள்? இந்தக் குணம் இல்லாமல் ஒருத்தி வந்து நின்றால் அவளுக்கு என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொறுமையாக இருப்பதால் பெண்ணுக்கு வேலை என்றால், பொறுமை இழந்த அன்று வேலை போய்விடும். விரலுக்காக என்றால், நாற்பது வயதில் மூட்டு வலிக்கும்போது போய்விடும். பெண்கள் நல்லவர்கள், அமைதியானவர்கள், பொறுப்பானவர்கள் என்று நிரூபித்து உரிமை வாங்க நம்மில் பலர் பழகியிருக்கிறோம். அந்த உரிமையை எந்த நாளும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். ஆண்கள் யாரும் தங்கள் நற்குணத்தைக் காட்டி ஆலைக்குள் போவதில்லை. அவர்களில் சோம்பேறியும் உண்டு, கோபக்காரரும் உண்டு, கை நடுங்குபவரும் உண்டு. ஒருவர் சரியில்லை என்றால் அந்த ஒருவரைத்தான் குறை சொல்கிறார்கள். ஆண் இனத்துக்கே வாசலை மூடுவதில்லை.

நாட்றாம்பாளையத்திலிருந்து கிளம்பும் பெண்ணுக்கு அந்த அளவாவது வேண்டும். அவள் சராசரியானவளாக இருக்கலாம். கேள்வி கேட்பவளாக, சீக்கிரம் சலித்துக்கொள்பவளாக, கல்யாணமானவளாக, கல்யாணமே வேண்டாம் என்பவளாக இருக்கலாம். வேலை தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொடுக்கலாமா என்று மட்டும் அவளிடம் கேட்கட்டும். மற்றதை அவள் உள்ளே வந்த பிறகு, அவளையே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.